ஹாரோஹள்ளியில் ஒரு புள்ளி

1
இந்தக் கதை ஓர் எழுத்தில் பிறந்தது. கன்னடத்தில் ஹல்லி என்றால் பல்லி, ஹள்ளி என்றால் ஊர். ஆங்கில எழுத்தில் அடித்தால் இரண்டும் ஒன்றுதான். என்னிடம் இருந்தது அவ்வளவே. அல்போன்சாவைப் பிறகுதான் சேர்த்தேன்.

2
மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், உயர்ந்த மரங்களின்... [வேண்டாம். பாடப்புத்தக வாடை.]

நேராகவே சொல்கிறேன். அல்போன்சா பெங்களூரு விவேக் நகர்க்காரி. எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது அவள் வேலை. இந்த முறை பறக்கும் ஓணான்.* அவளுக்காகக் காட்டில் தகவல் சேகரிக்கப் போன கிஷோர் ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்பினான்: "ஹாரோஹல்லி! செம்ம சைட்டிங்!" பெங்களூருக்குத் தெற்கே ஹாரோஹள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே வைத்தாள் புள்ளியை.

இந்த வரைபடங்கள் வரப்போகும் புத்தகத்தின் பொறுப்பாளர் மஞ்சுநாத் குதித்தார். "வறண்ட ஊர்ல மழைக்காட்டு ஓணானா! இந்த மேப்தான் அட்டை. கீழ உன் பேரு, பெருசா!" அதுவரை அவள் பெயர் கடைசிப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

(* விலாவிலிருந்து தோலை விசிறிபோல் விரித்து மரத்துக்கு மரம் மிதக்கும். நெருங்கிய மரங்கள் வேண்டும். என் ஹாரோஹள்ளியில் முள்ளும் பாறையும்தான்.)

3
இன்று கிஷோர் போனில் சிரித்தான்.

"யம்மா தாயே, அது ஊரில்ல. ஹாரோ ஹல்லி, பறக்கற பல்லி! நான் ஆகும்பே மழைக்காட்டுல இருக்கேன்."

"சனியனே, தமிழ்ல அடிச்சுத் தொலைஞ்சா என்ன?"

"எனக்குத் தமிழ் எழுத வராதே மா."

"ஓணானைப் பல்லின்றவன நம்புனேன் பாரு!"

"அட்டை பிரிண்ட்டுக்குப் போயிடுச்சா?"

"சாயந்திரம் போவுது. அட்டைல என் பேரு வருதுன்னு எங்கம்மா சர்ச் வாசல் வரைக்கும் சொல்லிட்டாங்கடா."

4
ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அட்டையில் மேப்புக்குப் பதில் ஓணான் படம் வருகிறது, அவள் பெயர் வரவில்லை. படித்துப் பார்த்தேன். அவள்மேல் மரியாதை வந்தது, அதனாலேயே இந்த முடிவின்மேல் சந்தேகமும்.

இன்னொன்றில் சும்மா இருந்துவிடுகிறாள். யாரோ ஒருவர் அட்டையை நம்பி, பைனாகுலரோடு முள்காட்டில் அண்ணாந்து நின்று... [பாவம். இவரை அங்கே நிறுத்தியதே நான்தான்.]

மூன்றாவதாக ஒரு முடிவைத் தேடினேன். அதற்குள் மஞ்சுநாத் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"பேருக்கு முன்னாடி இனிஷியல் என்ன மா?"

"சார்..." என்று அவள் உதடுகளை மூடுகிறாள். 'பி' என்று இனிஷியலைச் சொல்வதற்கும், 'பல்லி சார் அது' என்று தொடங்குவதற்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும்.

அடுத்த ஒலியை நீங்கள் போடுங்கள்.