முன்னால் போகாத வழிகாட்டி

"என்னைப் பாத்து ஹெல்மெட் போடச் சொல்ற அளவுக்கு வளந்துட்டியாடா நீ?"

"நான் சொல்லலைங்கம்மா. பூங்கா ரூல் அப்படிச் சொல்லுது."

"அந்த ரூலைப் பெத்தவ யாரு? அவளை வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்!"

நைவாஷா ஏரிக்குத் தெற்கே இருக்கும் பூங்காவின் வாசலில், வெயில் ஏறுவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. குரலை உயர்த்தியவள் நகுருவிலிருந்து வந்திருந்த வஞ்சுகு அத்தை. தேவாலயப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு சைக்கிள் ஓட்ட வந்திருந்தாள். அந்தத் தொப்பிக்கு மேல் ஹெல்மெட் உட்காராது, தொப்பியைக் கழற்ற அவள் சம்மதிக்க மாட்டாள். எதிரே தலையைத் தொங்கப்போட்டு நின்றவன் கரீத்தி, சைக்கிள் சஃபாரி வழிகாட்டி. இருவருக்கும் நடுவில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவள் நியோகாபி. வாசலுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை அவளுடையது.

கரீத்தி அவளைப் பெண் கேட்டிருந்தான். அப்பா இல்லாத பெண். ஆகவே முடிவு சொல்ல வேண்டியவர்கள் அத்தையும் மதெங்கே பெரியப்பாவும். "பையன் செய்யற வேலையை நேர்ல பாக்காம ஆட்டைப் பத்திப் பேச மாட்டோம்" என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். பரிசமாக மாப்பிள்ளை தர வேண்டிய ஆடுகளைப் பேசாமல் எங்கள் பக்கம் கல்யாணம் ஏது? அதனால்தான் இந்தச் சவாரி. இன்று அத்தை முகம் சுளித்தால் காரியம் கெட்டது.

அவள் அவனிடம் மயங்கியதே அந்தக் குரலுக்காகத்தான். ஆறடி ஜெர்மன்காரர்களை, "பேச்சை நிறுத்து, வரிசையை விட்டு விலகாதே" என்று அவன் அதட்டுவதைக் கடையிலிருந்து கேட்டுக் கேட்டு, பஞ்சர் ஒட்டுகிற சாக்கில் அவள் ரசித்ததை வாசலில் அறியாதவர் இல்லை. அந்தக் குரல் இன்று எங்கே போனது? பெண் கேட்டு வந்தவன், பேச்சு முடியும்வரை பெண் வீட்டுப் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது, ஏவவும் கூடாது. குரலை அவன் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான்.

ஹெல்மெட்டை அத்தை மாலை போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். புறப்படும் நேரத்தில் அடுத்த பஞ்சாயத்து.

"ஏம்ப்பா, நீ முன்னால போறியா?" என்றார் பெரியப்பா.

"வழிகாட்டி முன்னாலதானே போகணும், ஐயா."

"பெரியவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

கரீத்தி உடனே சைக்கிளைத் திருப்பி வரிசையின் கடைசிக்குப் போனான். நியோகாபி பல்லைக் கடித்தாள். வழிகாட்டி கடைசியில் வருகிற சவாரியை அந்தப் பூங்கா அன்றுதான் பார்த்தது. வரிக்குதிரைகள் கூட நின்று பார்த்தன.

முன்னால் பெரியப்பா, தூசு படும் என்று மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அடுத்து அத்தை, கேரியரில் எண்ணெயில் பொரித்த மந்தாஸிப் பணியாரக் கூடையோடு. பிறகு நியோகாபி. கடைசியில் அத்தை மகள் ஞாம்பியும் கரீத்தியும். ஞாம்பியின் செயின் அடிக்கடி கழன்றது, ஒவ்வொரு முறையும் கரீத்தி இறங்கி மாட்டிக்கொடுத்தான். காலையில் அந்தச் செயினுக்கு எண்ணெய் போட்டவள் நியோகாபியேதான்; அது ஏன் கழன்றது என்று இன்றுவரை வாசலில் பேச்சு.

பாறைச் சுவரின் அடியில் பாதை வளைகிற இடத்தில் பெரியப்பா வேகத்தைக் குறைத்தார்.

"அதோ, கறுப்புப் பாறை. நிழல்ல உக்காந்து மந்தாஸி தின்னுட்டுப் போவோம்."

பாறை காதை ஆட்டியது.

கூட்டத்திலிருந்து ஒதுங்கிய கிழட்டுக் காட்டெருமை. தனியாக நிற்கிற கிழவன்தான் மோசம் என்று கரீத்தி தினமும் வெள்ளைக்காரர்களுக்குப் பாடம் நடத்துவான். அவன் எப்போதும்போல முன்னால் வந்திருந்தால் தூரத்திலேயே கண்டிருப்பான். இப்போது பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, குனிந்தபடியே வந்து சேர்ந்தான்.

"பெரியவங்க தப்பா எடுத்துக்கக் கூடாது... ஒரு சின்ன விண்ணப்பம்... உங்களுக்குச் சௌகரியப்பட்டா, எல்லாரும் கொஞ்சம் இறங்கி நின்னா நல்லதோன்னு அடியேனுக்கு ஒரு எண்ணம்..."

"சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா" என்றாள் அத்தை.

"அதாவதும்மா... எருமை மாதிரி ஒண்ணு..."

"யாரைடா எருமைங்கிற?"

காட்டெருமை தலையைத் தூக்கி, மூக்கை விரித்து, இரண்டடி முன்னால் வந்தது. கரீத்தி, "மன்னிக்கணும், நான் உங்களைச் சொல்லலைங்கம்மா" என்று தொடங்கினான். நியோகாபிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அத்தே, வாயை மூடு!" என்றாள் அடிக்குரலில். "இறங்கு. பெரியப்பா, நீயும்தான். சைக்கிளைக் குறுக்கே பிடி. யாராவது ஓடினீங்க, நானே முட்டித் தள்ளிடுவேன். திரும்பாம அப்படியே பின்பக்கமா நட."

எல்லோரும் இறங்கினார்கள். நடந்தார்கள். அத்தையின் கூடை சரிந்து மந்தாஸி உருண்டது, தலையிலிருந்த தொப்பியும் விழுந்தது. காட்டெருமை ஒன்றை முகர்ந்து பார்த்தது, பிடிக்கவில்லை, அத்தையின் தொப்பியை ஒரு மிதி மிதித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

வாசலுக்குத் திரும்பி, பால் டீ உள்ளே இறங்கிய பிறகுதான் அத்தைக்கு நாக்கு வந்தது. 

"பாத்தீங்களா அண்ணே? கொம்பு எதிர்ல நிக்குது, அப்பவும் பையன் மரியாதை தப்பலை! இப்படி ஒருத்தனை எங்க தேடுவோம்? இவளைப் பாருங்க. அத்தைன்னும் பாக்கலை, பெரியப்பன்னும் பாக்கலை. இந்த வாய்க்கு அந்தப் பையன் கிடைச்சதே புண்ணியம்."

"எனக்குச் சம்மதம்" என்றார் பெரியப்பா. "ஆடு பேசலாம்."

டீக்கடைப் பெண்கள் குலவையிட்டார்கள். கரீத்தி முகமெல்லாம் பல். நியோகாபி அவனைச் சைக்கிள்களுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"நான் வாயைத் திறக்கலைன்னா நீ எப்போ அதட்டியிருப்ப?"

அவன் நேர்மையாக யோசித்தான். "அவங்க அனுமதி குடுத்ததும்."

அவள் திரும்பி வந்து, அத்தையின் கழுத்திலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கடை ஆணியில் மாட்டினாள்.

"அத்தே, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"ஏண்டி? இப்பத்தானே எங்களுக்குப் பிடிச்சுது!"

"அதனாலதான்."

அதன்பிறகு நடந்த சண்டையில் ஹெல்மெட் சண்டை எந்த மூலைக்கு! ஆனால் அத்தை ஒரு நல்ல பையனை வீணாக்குகிறவள் அல்ல. அந்த வருஷத்து மழைக்காலம் ஓய்வதற்குள் கரீத்திக்கும் ஞாம்பிக்கும் கல்யாணம் ஆனது. இப்போது அவன் நகுருவில், அத்தை வீட்டிலேயே. ஜன்னலைத் திறப்பதற்கும் கேட்டுக்கொண்டுதான் திறக்கிறானாம். காட்டெருமை அவனுடைய பணிவைக் கண்டு மண்டியிட்டதாகப் பெண்கள் சங்கத்தில் பேச்சு. மிதிபட்ட தொப்பி அங்கே அலமாரியில் சாட்சியாக இருக்கிறது.

நியோகாபி கடையைக் கைமாற்றிவிட்டு நன்யுகிக்குக் குடிபோனாள். அங்கே ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். எதிரே எது வந்தாலும் முதலில் ஹாரன் அடித்துவிட்டு, பிறகு பேசுகிற ஆள்.