முதுகை நீவிய கை

பகலெல்லாம் எரிந்து களைத்த கதிரவன் தன் செங்கதிர்களைச் சுருட்டிக்கொண்டு மேற்றிசைக் கூரைகளின் பின்னே இறங்க, புகைபோக்கிகளின் நிழல்கள் தெருக்களின்மேல் நீண்டு படுக்க, வேலை முடித்த மாந்தர் வீடு நோக்கி விரையும் அவ்வந்தி வேளையில், நகரின் பெருமருத்துவமனைச் சாளரத்தை நொறுக்கிக்கொண்டு, மருந்துநீர்ப் பை தொங்கும் இரும்புக் கம்பம் ஒன்று வேல்போற் பாய்ந்து, முற்றத்துப் பூந்தொட்டியில் குத்திட்டு நின்றது. எறிந்தவர் ஓர் இறைச்சிக் கடைக்காரர். எறியவைத்த பெருமையோ, படிப்பவரே, முழுக்க முழுக்க நம் மருத்துவரையே சேரும்.

தேன்வாயர் என்பது அம்மருத்துவமனையோர் அவருக்கு இட்ட பெயர். கத்தியை எடுக்குமுன் சொல்லை எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கட்டிலின் விளிம்பில் உறவினர்போல் அமர்ந்து, குரலைத் தாலாட்டின் தாழ்வுக்கு இறக்கி, முதுகை மெல்ல நீவி, 'நாம' என்னும் ஒரே சொல்லை எடுத்துப் பந்தி பரிமாறுவார். நாம ஊசி போட்டுக்குவோமா என்று அவர் கேட்டால், வலியில் பாதியை அவரே வாங்கிக்கொள்வார் என்று மயங்கி, நோயாளிகள் மறுபேச்சின்றிக் கை நீட்டுவர். அன்று மாலைதான் அவருடைய பங்கு மொத்தமாக வந்து சேர்ந்தது.

தம் கையிலிருந்தே நழுவிய வெட்டுக்கத்தி பாதத்தைப் பிளந்த புண்ணைத் துணி சுற்றி மறைத்துத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அக்கடைக்காரர். புண் அழுகி, கணுக்கால் வரை கரிபோற் கறுத்து, நஞ்சு மேலேறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே உடனே வெட்டி எடுத்தாலன்றி உயிர் நில்லாது.

"நாம ஒண்ணும் பயப்படக் கூடாது," என்று நீவினார் தேன்வாயர். "நாம ஒத்துக்கிட்டோம்னா, அந்தக் கால லேசா எடுத்துடலாம்."

"யாரு கால?"

"நம்ம கால."

எருதின் விலாவைப் பிளந்து பழகிய கை மருத்துவரின் வாயில் இறங்கியது. மூக்கு முறிந்து, குருதி வெண்சுவரில் தெறித்துக் கோலமிட, அவர் குரல்வளையைப் பற்றிய மறுகை அவர் தலையைச் சுவரோடு சுவராக மோதிற்று. விலக்க வந்த ஏவலர் இருவருள் ஒருவர் மணிக்கட்டு ஒடிந்து கட்டிலடியில் உருண்டார். அந்நிலையிலும் "நாம அமைதியா..." என்று தொடங்கிய அந்த நாணமற்ற நாவுக்கு இரண்டாம் குத்து விழுந்தது, அதன்பின் கம்பம் பறந்தது, அதன்பின் காய்ச்சலே வென்று, கடைக்காரர் வேரறுந்த மரம்போற் கட்டிலில் சாய்ந்தார்.

மருத்துவரின் மூக்கில் பஞ்சு திணித்த செவிலி அவர் வாயைக் கூர்ந்து நோக்கினாள். "முன்பல் ஒண்ணு காணோம் டாக்டர். நாம தேடலாமா?"

"ஏன் அடிச்சாரு?" என்று கேட்டார் தேன்வாயர்.

"காய்ச்சல் வேகம், வேறென்ன," என்றாள் செவிலி.

கடைக்காரரின் மனைவியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோவக்காரரு டாக்டர், ஆனா மனசு தங்கம்," என்றாள். மனம் தங்கமாயிருக்கலாம்; கைமுட்டி இரும்பென்பதை மருத்துவரின் உதடு அறியும்.

மயக்கமருந்து ஏற்றி, மனைவியின் ஒப்புதலோடு காலை எடுத்துவிடலாமே என்றனர் உடனிருந்தோர். காய்ச்சல் சற்றே தணிந்து அறிவு தெளிந்து கிடப்பவரின் காலை அவர் அறியாமல் எடுப்பது களவு என்று மறுத்து, தேன்வாயர் மீண்டும் அவ்வறையுள் நுழைந்தார். இம்முறை கால்மாட்டில், கை எட்டாத தொலைவில் நின்றார். மதிப்பினால் அன்று, அச்சத்தால். வீங்கிய வாயில் தேன் ஊறவில்லை. சொற்கள் கூழாங்கற்கள்போல் ஒவ்வொன்றாய் விழுந்தன.

"உங்க கால வெட்டணும். நாம இல்ல, நான் வெட்டணும். வெட்டின பின்னாடி வலிக்கும். போன கால் திரும்ப வராது. வெட்டலன்னா செத்துடுவீங்க."

கடைக்காரர் போர்வையை விலக்கித் தம் கறுத்த காலைப் பார்த்தார்.

"சரி, ஏன்யா என்னை அடிச்சீங்க?"

கடைக்காரர் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆட்டைச் சாய்க்கிறதுக்கு முன்னாடி நானும் இப்படித்தான் டாக்டர். பக்கத்துல உக்காந்து, முதுகத் தடவி, மெதுவாப் பேசுவேன். அது துள்ளாம நிக்கும். உங்க கை என் முதுகுல பட்டுச்சு பாருங்க... பயந்துட்டேன்."

இத்தனை ஆண்டுகளாய்த் தம் முன்னே தலையசைத்து, இன்முகத்தோடு கைநீட்டிய மாந்தரெல்லாம் மருத்துவரின் கண்முன் வரிசையாய் வந்து நின்றனர். அவர்களுள் நம்பியவர் எத்தனை பேர், வெறுமனே துள்ளாதிருந்தவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய அவருக்கு இனி வழியில்லை. எனவே, எதிரே கிடந்த ஒருவரையாவது கேட்டார்.

"இப்போ என்னை நம்புறீங்களா?"

"நம்பல," என்றார் கடைக்காரர். "ஆனா என்ன செய்யப் போறீங்கன்னு தெரியுது. வெட்டுங்க."

ஆறுதல் சொல்லப் பழக்கத்தால் தானே எழுந்த தம் வலக்கையை இடக்கையால் பற்றி அடக்கிக்கொண்டு, தேன்வாயர் கத்தி காத்திருந்த அறைக்கு நடந்தார்.