தெருக்கோடித் தண்ணீர்

தெருக்கோடியில் பிடித்ததாகச் சொல்லிக் குழாய்க்காரர் கொண்டுவந்த பாட்டிலில் நாலு சொட்டு சோதனை மருந்து விட்டதும் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது. அப்படியென்றால் குளோரின் தாராளமாக இருக்கிறதாம்! சோதனைக்கூடத்துக்காரிக்கு அதுதான் உறுத்தியது. மேல்நிலைத் தொட்டியில் கலந்த குளோரின், ஊரெல்லாம் சுற்றித் தெருக்கோடிக்குப் போவதற்குள் குறைய வேண்டாமா? இந்த மனுஷன் கொண்டுவருவது மட்டும் தினமும் தொட்டித் தண்ணீர் மாதிரியே இருக்கிறதே!

“தெருக்கோடியில பிடிச்சதுதானா அண்ணே?”

“என்னம்மா, என்னையே சந்தேகப்படுறீங்களா? கடைசி வீட்டுக் குழாயில இப்பத்தான் என் கையால பிடிச்சேன். வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கேன்!”

அவள் பாட்டிலை நிதானமாக மூடினாள்.

“போன வாரம்தான் அந்தக் கடைசி வீட்டுக்குக் குடிபோனேன் அண்ணே. நேத்துலேருந்து எங்க குழாயில வெறும் காத்துதான் வருது.”