லேயரா, நோடா

ஆர்.எஸ்.புரத்து விளம்பர ஸ்டுடியோவில் ஒன்பது வருஷமாக இஸ்மத் லீவு போட்டால் பாதி ஆபீஸுக்கே லீவுதான். நகைக்கடை விளம்பரத்தில் தங்கம் மின்னுவதும் பட்டுக்கடை விளம்பரத்தில் சேலை பறப்பதும் கம்ப்யூட்டரில் அவள் கைவேலை. எல்லாம் லேயர் முறை. ஒன்றின் மேல் ஒன்றாக நூற்று நாற்பது அடுக்கு. 'கடைசி', 'கடைசியோ கடைசி', 'தொடாதே' என்று பெயர்கள். எதை இழுத்தால் எது கெடும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைப் பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், போன ஆடி வரைக்கும்.

உடுமலைப்பேட்டையில் சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். பந்தியில் உட்கார்ந்ததும் போன். பட்டுக்கடைக்காரர் பச்சைச் சேலையை அரக்கு நிறமாக்கச் சொல்ல, ஸ்டுடியோவில் யாரோ மாற்றப்போய் மாடலின் முகமும் அரக்காகிவிட்டதாம். வலது கை பிரியாணியில், இடது கையில் போன். "மேல இருந்து நாப்பத்தி மூணாவது அடுக்குங்க... அதில்லீங்க, அதுக்குக் கீழ!" பிரியாணி ஆறியது, மணமக்களோடு போட்டோவும் போனது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதம் முதலாளி யஷ்வந்த் கூப்பிட்டார். "ஏனுங்க இஸ்மத், மாசம் பன்னெண்டு விளம்பரத்துக்குப் பெரிய ஆர்டர் வருதுங்க. லேயர்லயே ஓட்டலாமா, நோடுக்கு மாறலாமா? ஒரே விளம்பரத்த ரெண்டுலயும் செஞ்சு பார்த்து நீங்களே முடிவு சொல்லுங்க. புது டிபார்ட்மென்ட்டுக்கு நீங்கதான் ஹெட்டு."

ஹெட்டு! அந்தச் சொல்லுக்குத்தானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தாள்.

நோடு என்றால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி கோடு. எது எங்கிருந்து வருகிறது என்பது திரையில் விரிந்து கிடக்கும். முதல் வாரம் தலை சுற்றியது. பிடிபட்ட பிறகு விட மனசில்லை. சேலைக்குத் தனிப் பெட்டி, முகத்துக்குத் தனிப் பெட்டி, ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. அதோடு நின்றாளா? ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் தமிழில் குறிப்பு வேறு. 'சேலை நிறத்தை இங்கே மட்டும் மாற்றவும்.' 'தங்கத்தின் மினுக்கு பாதிக்கு மேல் போனால் பித்தளையாகத் தெரியும்.' ஒன்பது வருஷம் கண்ணெரியக் கற்றதையெல்லாம் கொட்டி எழுதினாள். இனி யாருக்கும் பந்தியில் போன் வரக் கூடாதாம். என்ன நல்ல மனசு!

"சின்ன வேலைக்கு லேயர்தான் வேகமுங்க சார். ஆனா இந்த ஆர்டருக்கு நோடுதான். யார் திறந்தாலும் புரியும்."

"யார் திறந்தாலுமுங்களா?"

"யார் திறந்தாலுமுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க" என்று யஷ்வந்த் சிரித்தார். அவளும் சிரித்தாள், அசடு.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஹெட்டு என்று எழுந்து நின்றவள் ஹர்ஷிணி. யஷ்வந்தின் மனைவிக்குத் தங்கை. அவரைப் பாவா என்று கூப்பிடுபவள். பெங்களூரில் ஆறு மாதக் கோர்ஸ் முடித்திருந்தாள்.

இஸ்மத் நேரே முதலாளி அறைக்குள் போனாள். "எனக்குன்னு சொன்னீங்களேங்க சார்?"

"சொன்னேனுங்க, இல்லைன்னு சொல்லலீங்க. நீங்கதான் இவ்வளவு தெளிவா எழுதிப்போட்டீங்களே. இனி பார்த்துச் செய்யறதுக்கு யாரா இருந்தா என்னங்க? ஊட்டுப் புள்ள சும்மா இருக்குது. டீ சொல்லட்டுங்களா?"

கழுத்தை அறுக்கும்போதுகூட ஒரு 'ங்க' குறையவில்லை.

இடத்துக்கு வந்து ஃபைலைத் திறந்தாள். எழுதியவள் அவள்தானே, அழித்தால் யார் கேட்பது? குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். செய்வது அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஹர்ஷிணி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதுக்குங்க அக்கா சிரமப்படறீங்க? நீங்க குடுத்த அன்னைக்கே பாவா எனக்குக் காப்பி அனுப்பிட்டாருங்க." குரலில் நக்கல் இல்லை, நக்கலாவது இருந்திருக்கலாம்.

இஸ்மத் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"பழைய லேயர் ஃபைல் எழுபது இருக்குதுங்களாமா. அது எங்க யாருக்கும் புரியலீங்க. அதையும் இதே மாதிரி குறிப்போட நோடுக்கு மாத்திக் குடுக்கோணுமாம். மூணு மாசம் டைமுன்னு பாவா சொன்னாருங்க."

"அதுக்கப்புறம்?"

ஹர்ஷிணி திரையைப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் பாவாவே உங்ககிட்டப் பேசறேன்னாருங்க."