புறா விரட்டப் போன ஸ்கேன்

அக்கா, நீ ஆபீஸ்ல இருக்க, போன எடுக்கல. பரவால்ல. டைப் பண்ணப் பொறுமை இல்ல, அதான் வாயால சொல்லி போனையே எழுத வச்சு அனுப்புறேன். முழுசா படி. பாதியில விட்டுட்டு அம்மாகிட்ட "அவளுக்கு என்னவாம்"னு கேக்காத. வம்பு ஆரம்பிச்சதே அங்கதான்.

காலையில ஹார்ட் டாக்டர்கிட்ட போயிருந்தேன். என் வால்வு கதைதான் உனக்குத் தெரியுமே, மூணு இதழ் இருக்க வேண்டிய இடத்துல பொறந்ததுலேர்ந்தே ரெண்டுதான். அதுக்கு மேல இருக்கிற பெரிய ரத்தக் குழாய் அகலமாயிருக்குன்னு போன வருஷம் நம்ம ஊர்ல இருந்தப்ப சொன்னாங்கல்ல, நாலு பாயின்ட் ரெண்டு சென்டிமீட்டர்னு? இப்ப நான் வேலைக்கு வந்த ஊர்ல எடுத்த ஸ்கேன்ல நாலு பாயின்ட் ஏழு.

ரத்தத்துல வேற அழற்சி காட்டுது. "அதனாலதான் குழாய் பெரிசாகுதா?"ன்னு கேட்டேன். "சம்பந்தம் இருக்கலாம், இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாது. உன் ஈறு வீங்கியிருக்கே, அழற்சி அதனால கூட இருக்கலாம். முதல்ல பல்லப் பாரு, அந்தக் கிருமி வால்வுல போய் உக்காந்துச்சுன்னா ஆபத்து"ங்கிறார். எதக் கேட்டாலும் இருக்கலாம், இருக்கலாம்! எனக்கு அங்கயே தலைய முட்டிக்கலாம்போல ஆயிடுச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் தெளிவா சொன்னார். "ஒரு வருஷத்துல நிஜமாவே அரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தா ஆபரேஷனப் பத்தி இப்பவே பேசணும். குழாய்ல அங்க ஒரு இடத்துல, இங்க வேற இடத்துல அளந்திருந்தா காத்திருக்கலாம். அந்தப் பழைய படங்கள எடுத்துட்டு வா, ரெண்டையும் ஒரே இடத்துல நானே அளந்து சொல்றேன்."

படம் சிடில இருக்கு, சிடி பீரோல இருக்கு. எவ்ளோ சுலபம்னு நெனச்சு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அதுவா? அது பால்கனில தொங்குதுடி."

"என்னம்மா சொல்ற?"

"புறாத் தொல்லை தாங்கல. பளபளன்னு இருந்துச்சா, நடுவுல ஓட்டை வேற, கயித்துல கட்டி விட்டேன். இப்ப ஒரு புறா வரணுமே!"

பெருமை வேற! நடுவுல அப்பா போனப் புடுங்கினார். "நீ ஏன் கத்துற? ரிப்போர்ட் பேப்பர் என்கிட்ட பத்திரமா இருக்கு. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்."

"அப்பா, அதுல நம்பர் மட்டும்தான் இருக்கு. எங்க அளந்தாங்கன்னு இல்லையே."

"டாக்டர் கையெழுத்து இருக்கே!"

போன வச்சுட்டேன். கோபப்பட்டா பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினா குழாய்க்கு ஆகாது. நம்ம வீட்டு ஆளுங்களோட பேசவே எனக்குத் தனியா ஒரு மாத்திரை வேணும்.

உன் வீட்டுக்காரர், பாவம், சிடிய அவுத்துத் துடைச்சு மூணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாராம். "கம்ப்யூட்டர் அத சிடின்னே மதிக்கல, கொழுந்தியா. வெயில்ல உரிஞ்சு போயிருக்கு"ன்னார். ஸ்கேன் சென்டர்ல கேட்டா, பழசையெல்லாம் அழிச்சாச்சாம்.

திரும்ப டாக்டருக்குப் போன் பண்ணேன். மூணு மாசம் கழிச்சு இதே மெஷின்ல, இதே இடத்துல மறுபடி எடுத்துப் பாக்கணுமாம். அதுவரைக்கும் மூச்சப் பிடிச்சு எதையும் தூக்கக் கூடாது. திடீர்னு நெஞ்சோ முதுகோ கிழியற மாதிரி வலிச்சா அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி.

என் வேலையே ஹோட்டல் லாண்டரில ஈரப் போர்வைய மெஷின்லேர்ந்து உருவித் தூக்குறதுதான். சூப்பர்வைசரம்மா, நாங்க 'விசில்'னு கூப்பிடுவோமே, அவங்ககிட்ட சொன்னேன். "ஈரத்துணி தொடாம லாண்டரியா? நனையாம நீச்சலடிக்கப் போறேங்கிற!"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, தலகாணி உறை மடிக்கிற மேஜைக்கு அனுப்பிட்டாங்க. எத்தன நாளைக்கு விடுவாங்கன்னு தெரியல.

இப்பதான் அம்மா திரும்பக் கூப்பிட்டா. மூக்க உறிஞ்சுற சத்தம் மட்டும்.

"அழாதம்மா"ன்னேன், எரிச்சலாத்தான்.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. வலிச்சாலாவது எனக்கே தெரியும். ஒண்ணுமே தெரியல. அதனாலதான அந்தப் படத்தக் கேட்டேன்."

அவ போன வச்சதும்தான் உனக்கு இத அனுப்புறேன்.

அக்கா, முக்கியமானத விட்டுட்டேன். இது குடும்பத்துல வருமாம், கூடப் பொறந்தவங்களும் நெஞ்ச ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்னு டாக்டர் சொன்னார். உனக்கு நேரமில்ல, உடம்புக்கு ஒண்ணும் செய்யலன்னு சொல்லுவ. எனக்குந்தான் ஒண்ணும் செய்யல. இந்த வாரமே போ. சரின்னு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பாத, போயிட்டு வந்து போன் பண்ணு.