உடைக்காத தார்ப் பாளங்கள்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. அதனால் 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. கார்த்திகேசு என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 1934. இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனின் வானம் கருத்துக் கிடந்த அந்த—

(வேண்டாம். தரையைப் பற்றிப் பேசவேண்டியவன் வானத்தைப் பார்த்துத் தப்பிக்கிறான்.)

இரண்டாம் தொடக்கம்: தெருவின் பழைய தாரைப் பெயர்த்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, கல்லோடு கலந்து அதே தெருவுக்கு அடித்தளமாகப் போடவேண்டும் என்பது உத்தரவு. ஓவர்சியர் கார்த்திகேசுவுக்கு அவசரம். சனிக்கிழமைக்குள் முடித்தால் துரை பாராட்டுவார். பாளங்களை உடைக்காமலே போடச் சொன்னான்.

கூலியாள் அப்துல் ரசாக் வெறுங்காலோடு அதன்மேல் நடந்தார். தளம் இறுகியதா என்று கூலிகள் பாதத்தால்தான் பார்ப்பார்கள்.

"அடியில காலியா கெடக்கு ஐயா. கால்ல ஆடுது. நீங்களே சப்பாத்தக் கழட்டிட்டு ஏறிப் பாருங்க."

கூலிகள் முன்னால் ஓவர்சியர் சப்பாத்தைக் கழற்றுவதா?

"எனக்குப் படிப்பிக்க வராத. ரோலரை விடச் சொல்லு."

(இப்போது ரசாக்குக்கு மரியாதை கொடுத்து எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதை.)

3

முதல் மழைக்கே தெரு உள்வாங்கியது. மாட்டுவண்டி ஒன்று கவிழ்ந்து வண்டிக்காரரின் கால் முறிந்தது. கார்த்திகேசு அறிக்கை எழுதினான்: 'உடைக்கச் சொன்னேன். அப்துல் ரசாக் கேட்கவில்லை.'

[நான் எழுதிய முதல் கதை அதுதான். துரை ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.]

ரசாக்கின் சீட்டைக் கிழித்தார்கள். அவர் திட்டியிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.

"ஒரு தடவ ஏறிப் பாத்திருக்கலாம் ஐயா," என்றார். அவ்வளவுதான்.

4

முடிவு ஒன்று: கார்த்திகேசு துரையிடம் போய் உண்மையைச் சொல்கிறான். (இதுவரை போகவில்லை.)

முடிவு இரண்டு: ரசாக் அக்கரையில், கெப்பாலா பத்தாஸ் ஊரில் வேறு வேலை கிடைத்து நிம்மதியாக இரு— (எனக்குத் தெரியாது. விசாரிக்கவே இல்லை.)

வண்டி கவிழ்ந்தது பற்றித் துரை நடத்தும் விசாரணை இந்த வெள்ளிக்கிழமைதான் முடிகிறது. அதற்குள் அறிக்கையை மாற்றிக் கொடுத்தால் ரசாக்குக்கு வேலை திரும்பும், எனக்குப் போகும். புதுத் தாள் இந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'தவறு செய்தவர் பெயர்' என்ற இடம்வரை எழுதிவிட்டேன். அங்கே பேனாவை வைத்தால் கை பழையபடி ரசாக்கின் பெயரையே எழுதப் போகிறது.

நீங்கள் நிரப்புங்கள். ஒளிந்துகொள்ளக் கதையில் ஒரு பெயரைக் கற்பனை செய்தேன் என்று நினைத்திருப்பீர்கள். கார்த்திகேசு என் சொந்தப் பெயர்தான்.