முத்தலிபுவின் கெப்

மையித்து வீட்டுக்கு, சாவு விசாரிக்க வருகிறவனுக்கு இப்போதெல்லாம் முதலில் நிழல் வேண்டும். அதுவும் அவனுக்கில்லை, அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு. பின்பக்கம் திறந்த கெப் வண்டியின் முன்னால் மணலில் குந்தியிருந்து, ரேடியேட்டரின் அடித்திருகை விரலால் தேடிக்கொண்டே உசனார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் தென்னைகளுக்குக் கீழே வண்டியை விட்டார்கள். போனைப் பார்த்தார்கள். வாசலில் தலையைக் காட்டி, "எப்படி நடந்த?" என்று கேட்டார்கள். பதில் முடியுமுன் மறுபடியும் போனைப் பார்த்தார்கள். ஒருவன் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. தன் கண்ணிலும் இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தம்பி முத்தலிபு காலை எட்டு மணிக்கு மௌத்தானான். இதே கெப்பின் முன்னால்தான். எஞ்சினில் கிடந்த பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளே அலசி, புதுக் கூலன்ட் ஊற்றுகிற வேலையில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். மாம்புரியில் பஸ் ஏறி உசனார் நுரைச்சோலைக்கு வந்து சேர்ந்தபோது தம்பியின் முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது.

அப்போது பக்கத்தில் இருந்தது வியாபாரக் கூட்டாளி இஸ்ஸதீன். தலையை மடியில் தாங்கியதும் இஸ்ஸதீன். கலிமாச் சொல்லிக் கொடுத்ததும் இஸ்ஸதீன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் இதை உசனாரிடம் ஆறுதல் போலச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு அண்ணனும் தம்பியுமாகத்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள். உசனார் உப்பு லொறி ஓட்டினார். முத்தலிபு இஸ்ஸதீனோடு சேர்ந்து வெங்காயமும் மிளகாயும் ஏற்றினான். இத்தனை வருஷம் போயும் உசனாருக்கு உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரன்தான். சிரித்துப் பேசுகிறவன் ஏதோ எடுக்கத்தான் சிரிக்கிறான் என்பது அவருடைய எண்ணம். இஸ்ஸதீன் எடுத்தது தம்பியை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. மையவாடி ஒன்றரை மைல். பள்ளியின் ஜனாஸா வண்டி பழுதாகிக் கிடந்தது. இஸ்ஸதீன் தன் லொறியைக் கொண்டு வருவதாகச் சொன்னபோதுதான் உசனார் எழும்பினார்.

"எண்ட தம்பி வேறொருத்தண்ட லொறியிலயா போறது? அவண்ட கெப்பு இரிக்கிதானே."

"கெப்பு அரைவேலையில கெடக்கு பெரியவாப்பா," என்றான் முத்தலிபுவின் மகன் அர்கம். முப்பது வயதுக்காரன், கண் வீங்கியிருந்தது.

"அரைவேலைய நான் முடிக்கிறன். கொண்டு போறதும் நான்தான்."

இப்போது திருகு அகப்பட்டது. திறந்தார். தேயிலைச் சாயம்போலப் பழுப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. கூடவே துருப்பொடி. தம்பி எத்தனை தடவை அலசினான், இன்னும் எத்தனை தடவை வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவனிடம் கேட்க மனமில்லை.

தெரிந்தவன் தானாகவே வந்து நின்றான். சாரத்தில் மணல் ஒட்டியிருந்தது. காலையில் உட்கார்ந்த மணலாக இருக்கும். தம்பியைப்போலவே இஸ்ஸதீனும் அண்ணன் முறையில் அவரை 'நானா' என்பான்.

"ரெண்டு தரம் அலசினம் நானா. இன்னும் ஒருக்கா அலசினா தெளிஞ்சிரும்."

"எனக்குத் தெரியாததா?" உசனார் திருகை இறுக்கிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.

"கெணத்துத் தண்ணி வேணாம் நானா. உப்பு. பைப்புத் தண்ணி பீப்பாவுல இரிக்கி."

"முப்பது வருசம் கெணத்துத் தண்ணியிலதான் நான் லொறி ஓட்டின. எந்த எஞ்சினும் மௌத்தாகல்ல."

"இதுக்கு ஒத்துக்காது. அந்தத் தண்ணியாலதானே இவ்வளவு வேலயும்..." இஸ்ஸதீன் வாயை மூடிக்கொண்டான்.

உசனார் வாளியைக் கீழே வைத்தார். "எந்தத் தண்ணியால?"

"ஒண்டுமில்ல, விடுங்க."

"சொல்லு. தொடங்கினவன் முடி."

இஸ்ஸதீன் வீட்டைப் பார்த்தான், தென்னையைப் பார்த்தான், பிறகு சொன்னான். "நோம்புக்கு முந்தி கெப்ப எடுத்துக்கிட்டு மன்னாருக்குப் போனீங்கதானே. வழியில தண்ணி கொறஞ்சி, எங்கயோ கெணத்துல அள்ளி ஊத்தினீங்களாம். அதுதான் உள்ளுக்குத் துருப்பிடிச்ச."

"ஆரு சொன்ன?"

"முத்தலிபுதான்."

"என்னட்ட அவன் ஒரு வார்த்த சொல்லல்ல."

"ஒங்கட மனசு நோகுமெண்டுதான் நானா. 'நானாவுக்குத் தெரியவேணாம், நம்ம கழுவிட்டா முடிஞ்சிது' எண்டான்."

"எண்ட மனசு நோகுமெண்டு ஒன்னட்டச் சொன்னானா?"

இஸ்ஸதீன் குனிந்து சாரத்து மணலைத் தட்டினான்.

"வேற என்னெல்லாம் சொன்னான் என்னப் பத்தி?"

"வேற ஒண்டுமில்ல, அல்லா காவல்."

உசனார் நம்பவில்லை. கெப்புக்குள்ளே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்வந்த அத்தனை வருஷத்திலும் என்னென்ன பேசியிருப்பார்கள்? வாளியை எடுத்துக்கொண்டு பீப்பா இருந்த பக்கம் திரும்பினார். பைப்புத் தண்ணீர்தான். ஆனால் இஸ்ஸதீன் சொன்னதற்காக இல்லை, கிணறு தூரம் என்பதற்காக, என்று காட்டுவதுபோல நடந்தார்.

தண்ணீரை நிரப்பி எஞ்சினை ஓடவிட்டு, சூடேறி ஆறியதும் திறந்தபோது ஏறக்குறையத் தெளிவாக வந்தது. மூன்றாம் தடவை. தம்பி பார்க்க இருந்தது இதைத்தான்.

அர்கம் வந்தான். "மையித்தக் குளிப்பாட்டப் போறம். மூணு பேர் போதுமாம், பள்ளி லெப்பை சொல்றாரு. நீங்களும், நானும், இஸ்ஸதீன் சாச்சாவும்."

"அவனும் வாறானா?"

"வாப்பா எப்பவோ சொல்லிவச்ச, பெரியவாப்பா. சாச்சாவும் நிக்கணுமெண்டு."

"அப்ப அவனே நிக்கட்டும். லெப்பையக் கூட்டிக்கிட்டா மூணாகும். எனக்கு வண்டி வேல இரிக்கி."

"பெரியவாப்பா, வண்டி கெடந்தா கெடக்குது..."

"போ மகன். போய்ச் செய்ய உள்ளதச் செய்ங்க."

அர்கம் போனான். இஸ்ஸதீன் போகத் தயங்கினான், பிறகு அவனும் போனான். வீட்டின் பின்பக்கம் படங்குச் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இடையில் இஸ்ஸதீனின் குரல், குழந்தையைத் திருப்பிப் படுக்கவைக்கிறவன்போல, "மெல்ல, மெல்ல" என்றது.

உசனார் கூலன்ட் கலனின் மூடியைத் திறந்தார். உள்ளே சர்பத் போலச் சிவப்பு. தம்பி வாங்கி வைத்திருந்த உப்பில்லாத பற்றரித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். குமிழி வந்து உடைந்தது, இன்னொன்று வந்து உடைந்தது. படங்குக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் அவர் அமுக்கிக்கொண்டேயிருந்தார். குமிழி வருவதும் எப்போதோ நின்றுவிட்டது.

அஸர் தொழுகையும் ஜனாஸாத் தொழுகையும் முடிந்து மையித்து வைத்த சந்தூக்கைக் கெப்பின் பின்னால் ஏற்றினார்கள். உசனார் ஓட்டும் இடத்தில் ஏறினார். இந்த இடத்துக்காகத்தான் பகல் முழுவதும் மணலில் கிடந்தார். பக்கத்தில் அர்கம். சந்தூக்கு ஆடாமல் பிடிக்கப் பின்னால் இரண்டு பேர் ஏறினார்கள். அதில் ஒருவன் இஸ்ஸதீன்.

தெரு முழுக்கக் குழி. உசனார் முதலாம் கியரிலேயே விட்டார். எவ்வளவு மெல்லப் போனாலும் வண்டி குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. பச்சைப் போர்வைக்கு மேலே, தலைமாட்டில், விரல்களை விரித்து வைத்த கை. மையித்தைக் கழுவிய அதே கை. இவரோ தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வளைவு வந்தது. மையவாடிக்கு இன்னும் அரை மைல் இருந்தது. உசனார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"கொதிச்சிட்டா நானா?" பின்னாலிருந்து இஸ்ஸதீன் கேட்டான்.

"ஓம்," என்றார் உசனார். "இறக்குங்க. தோள்ல கொண்டு போவம்."

பின்னால் வந்தவர்கள் மோட்டார் சைக்கிள்களை விட்டு ஓடிவந்தார்கள். சந்தூக்கு இறங்கியது. இஸ்ஸதீன் குதித்து வந்து, உசனார் இறங்கித் திறந்து விட்டிருந்த கதவுக்குள் தலையை விட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பொனட்டிலிருந்து ஒரு நூல் ஆவிகூட எழும்பவில்லை.

"நானா, சூட்டு முள்ளு நடுவிலதானே நிக்கிது."

"முள்ளு பொய் சொல்லும்."

"இல்ல நானா. வேல நல்லா வந்திரிக்கி. ஒரு பிழையும் இல்ல."

"அந்தச் செவப்புத் தண்ணிய நான் நம்பமாட்டன்," என்றார் உசனார்.

இஸ்ஸதீன் அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது.

உசனார் அதற்குள் முன் வலப்பக்கத்துப் பிடிக்குக் கீழே தோளைக் கொடுத்திருந்தார். எழுபது வயதுத் தோள் பாரத்துக்குக் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு நிலைத்தது. கொஞ்சத் தூரம் போனதும் தோள் மாற்ற ஒருவர் வந்தார். இன்னும் கொஞ்சத் தூரத்தில் இன்னொருவர்.

"எஞ்சினுக்குப் பச்சக் கெணத்துத் தண்ணியே போதும்," என்று யாருக்குமில்லாமல் சொல்லிக்கொண்டு, தோள் மாற்ற வந்த இருவருக்கும் இடம் விடாமல் அவர் நடந்தார்.